விசா வர்ற வரைக்கும் உங்க வேலை என்ன ஆகும்? துணையோட நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கைடு!

"எப்பம்மா கிளம்புற?"

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காய் வாங்கப் போனாலும் சரி, ஈச்சங்காடு சிக்னலில் வண்டியை நிறுத்தினாலும் சரி, தெரிந்தவர் யாராவது இதைக் கேட்காமல் விடுவதில்லை. கல்யாணம் முடிந்தது. மூன்று வார லீவு முடிந்து அவர் ஃபிளைட் ஏறிவிட்டார். உங்களுக்கு இன்னும் விசா வரவில்லை. 'தை மாசம் போயிடுவேன்' என்று ஆரம்பித்தது, ஆடி தாண்டியும் இழுத்துக்கொண்டே போகிறது.

இதற்கு நடுவில் உங்கள் வேலை? 'எப்படியும் போகப்போறே, எதுக்கு வேலை?' என்று வீட்டில் சொல்வார்கள். 'எவ்வளவு நாள் இருப்பீங்க?' என்று புது கம்பெனியில் கேட்பார்கள். இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருக்காது. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போய்வரும் தென்சென்னைப் பகுதிகளில் இந்த நிலைமையில் இருப்பவர்கள் பல பேர். பெரும்பாலும் பெண்கள். ஆனால், மனைவி வெளிநாட்டில் வேலை பார்க்க, இங்கே காத்திருக்கும் ஆண்களும் உண்டு.

இந்தக் காலத்தை எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. உங்க விசா எது, அங்கே போனதும் வேலை பார்க்கலாமா?

முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். 'டிபெண்டன்ட் விசா' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு வகை விசாவிலும் வேலை பார்க்கும் உரிமை வேறு வேறு. உங்களுடைய திட்டமே இதைப் பொறுத்துதான் மாறும்.

அமெரிக்கா, எச்-4: எச்-1பி விசாவில் இருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்குக் கிடைப்பது. இந்த விசா கையில் இருந்தால் மட்டும் வேலை பார்க்க முடியாது. ஈ.ஏ.டி எனப்படும் வேலை அனுமதி அட்டை தனியாக வேண்டும். 2015 மே 26 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பொதுவாக உங்கள் துணைக்கு கிரீன் கார்டு வழியில் ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால்தான் இதற்கு விண்ணப்பிக்கலாம். எனவே, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஐ-140 அப்ரூவ் ஆயிடுச்சா? இல்லைன்னா உங்க கம்பெனி எப்ப ஃபைல் பண்ணும்?" என்பதுதான். 'அங்க வந்து பார்த்துக்கலாம்' என்பது இதற்கு பதில் ஆகாது.

அமெரிக்கா, எல்-2: கம்பெனி மாற்றல் மூலம் எல்-1 விசாவில் போனவரின் துணைக்கு. 2021 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, தனி அட்டை இல்லாமலேயே இவர்கள் வேலை பார்க்கலாம்.

அமெரிக்கா, குடியேற்ற விசா: துணை அமெரிக்கக் குடிமகன் என்றால், வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு எஃப்2ஏ பிரிவு. அதில் உச்சவரம்பு உண்டு, மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நேர்காணல் மும்பை தூதரகத்தில். போய் இறங்கியதுமே வேலை பார்க்கும் உரிமை உண்டு.

பிரிட்டன்: குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் துணைக்கான விசாவில் வேலைக்குத் தடையில்லை. ஆனால், அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 11 முதல் உயர்த்திவிட்டார்கள். படிக்கப் போகிறவர்கள் துணையை அழைத்துப்போவதும் 2024 ஜனவரி முதல் பெரும்பாலும் முடியாது. ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு.

கனடா: மாணவர்கள், வேலையில் இருப்பவர்களின் துணைக்குக் கிடைத்துவந்த ஓபன் வொர்க் பெர்மிட்டை 2025 ஜனவரி 21 முதல் சுருக்கிவிட்டார்கள். 16 மாதம் அல்லது அதற்கு மேலான முதுகலை, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள், குறிப்பிட்ட வேலைகள் என்று பட்டியல் இருக்கிறது. உங்கள் துணை அதில் வருகிறாரா என்று பாருங்கள்.

ஜெர்மனி: குடும்ப இணைப்பு விசாவில் போனால் வேலை பார்க்கலாம். ஆனால், பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு இந்த மொழி நிபந்தனை இல்லை.

சிங்கப்பூர்: டிபெண்டன்ட் பாஸ் இருந்தால் போதும், சுலபமான அனுமதிக் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம் என்ற நிலைமை 2021 மே 1-ஓடு மாறிவிட்டது. இப்போது வேலை வேண்டுமென்றால், உங்கள் தகுதிக்கேற்ற வொர்க் பாஸை கம்பெனி எடுத்துத் தர வேண்டும்.

விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் தேதியோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று கட்டாயமில்லை.

2. ராஜினாமா கடிதம்... இப்போ வேண்டாம்!

விசா ஸ்டாம்ப் ஆன பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள். இது நாம் சொல்வது மட்டுமல்ல. குடியேற்ற விசா கையில் கிடைக்கும்வரை வேலையை விட வேண்டாம், சொத்தை விற்க வேண்டாம், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் போட வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே விண்ணப்பதாரர்களை அறிவுறுத்துகிறது.

காரணம், உங்கள் கையில் இல்லாத விஷயங்கள் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரும். 2020 ஜூனில் கொரோனா நேரத்தில் எச்-1பி, எச்-4 உள்ளிட்ட விசாக்களை அமெரிக்கா நிறுத்தியது. அந்தத் தடை 2021 மார்ச் 31 வரை நீடித்தது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பரிசோதிக்கும் நடைமுறை வந்தபோது, இந்தியாவில் பலருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. தேதி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் வேலையை விட்டவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

'90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விசா வந்த அடுத்த வாரமே கிளம்பியாக வேண்டும் என்று பெரும்பாலும் கட்டாயம் இல்லை. உதாரணத்துக்கு, அமெரிக்கக் குடியேற்ற விசா சாதாரணமாக ஆறு மாதம் வரை செல்லும். நோட்டீஸ் கொடுத்து, வேலையை ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு கிளம்பவே அந்த நேரம் போதும். அவசரமாகக் கிளம்பி, ரிலீவிங் லெட்டர் இல்லாமல் போவது பின்னால் அங்கே வேலை தேடும்போது இடிக்கும்.

மேனேஜரிடம் எப்போது சொல்வது? உங்களை நம்பி நீண்ட பிராஜெக்ட் ஒப்படைக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லும்போதே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்த நாட்டு அலுவலகத்துக்கு மாற்றல் கிடைக்குமா? சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா? நோட்டீஸ் காலத்தைக் குறைக்க வழி இருக்கிறதா? 'முடியாது' என்று சொன்னாலும் நஷ்டம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 'அங்க போயிட்டு லேப்டாப்ல இந்தியா கம்பெனிக்கே வேலை பார்த்துக்கலாம்' என்று பலரும் நினைக்கிறார்கள். வேலை அனுமதி இல்லாத விசாவில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது விசா, வரி இரண்டிலும் சிக்கலாகலாம். அந்த நாட்டு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

3. ஏற்கெனவே வேலையை விட்டாச்சா?

கவலைப்படாதீர்கள். ஆனால், சும்மா இருக்கும் மாதங்கள் கூடக்கூட, திரும்ப நுழைவது கஷ்டமாகும். அதனால் நிரந்தர வேலையை மட்டும் தேடாதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கால வரையறை உள்ள கான்ட்ராக்ட் வேலைகள், யாராவது பிரசவ விடுப்பில் போகும்போது அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் பள்ளிகள், கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர், ஃப்ரீலான்ஸ், ஆன்லைன் டியூஷன் என்று பாருங்கள். இன்டர்வியூவில் பொய் சொல்ல வேண்டாம். "டிசம்பர் வரைக்கும் கண்டிப்பா இருப்பேன், அதுக்கப்புறம் மாசாமாசம் சொல்றேன்" என்பது குறுகிய கால வேலைக்குப் போதுமான பதில்.

கீழ்க்கட்டளையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் பெருங்குடி, துரைப்பாக்கம். இன்னொரு பக்கம் பல்லாவரம், தாம்பரம் மெப்ஸ். இரண்டு பக்கமும் வேலை தேடலாம். மெட்ரோ பணியால் மேடவாக்கம் மெயின் ரோட்டில் நெரிசல் இருக்கும் என்பதால், ஹைபிரிட் வேலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவாக இருக்கலாம். அதைத் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெஸ்யூமேயில் காலி இடம் விழாமல் இருப்பதும், 'இப்போது நான் என்ன செய்கிறேன்' என்று ஒரே வரியில் சொல்ல முடிவதும் இந்த நேரத்தில் பெரிய விஷயம்.

4. பேப்பர் வேலை: பெயரில் ஆரம்பிங்க

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எஸ். பிரியா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்த்து முழுசாக, ஆதாரில் வேறு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் கணவர் பெயரோடு. வெளிநாட்டு அதிகாரிக்கு இவை நான்கு பேராகத் தெரியலாம். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்த முடிவதை இப்போதே திருத்துங்கள். கல்யாணம் ஆனதும் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சேர்த்தால் படிப்புச் சான்றிதழோடு பொருந்தாமல் போகும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

திருமணப் பதிவு: 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள்கள் வரை அவகாசம் உண்டு. மண்டபத்தில் எடுத்த ஆல்பம் இதற்கு ஈடாகாது.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்: பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. இதற்குக் காலாவதி பார்ப்பார்கள் என்பதால் ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குக் காசநோய் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும்.

பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்: பலரும் மறப்பது இது. அங்கே போன பிறகு, சேப்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் அலைய அப்பாவைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இப்போது நீங்களே போய் வாங்கிவிடலாம். பழைய கம்பெனிகளின் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, படிவம் 16 எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

முக்கியமாக, பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சான்றிதழ்களும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். வேறு யார் பீரோவிலும் வேண்டாம். விசா விண்ணப்பத்தின் லாகின் விவரங்களும் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

5. எதைப் படிக்கலாம்... எப்போ படிக்கலாம்?

சும்மா இருக்கும் பதற்றத்தில் கண்ணில்பட்ட கோர்ஸுக்கெல்லாம் பணம் கட்டுவது நடக்கும். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் துறைக்கு அந்த நாட்டில் லைசென்ஸ் வேண்டுமா? நீங்கள் எடுக்கும் மதிப்பெண் எவ்வளவு காலம் செல்லும்?

நர்ஸ் என்றால் அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் தேர்வு; இந்தியாவிலேயே எழுதலாம். ஜெர்மனிக்கு மொழிதான் முதல் படி. ஏ1 போதாது, மேலே போக வேண்டும். டாக்டர்கள் அமெரிக்காவின் யு.எஸ்.எம்.எல்.இ ஸ்டெப் 1 தேர்வையும் பிரிட்டனின் பிளாப் முதல் பகுதியையும் இந்தியாவிலேயே எழுதலாம். கணக்குத் துறையினருக்கு அமெரிக்காவின் சி.பி.ஏ தேர்வு 2020 முதல் இந்தியாவில் நடக்கிறது. பள்ளி ஆசிரியர்கள், எந்த மாநிலத்தில் வசிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு லைசென்ஸ் விதிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஐ.இ.எல்.டி.எஸ் மதிப்பெண் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். கனடா குடியேற்றத்துக்கான கல்வி மதிப்பீடு ஐந்து வருடம். எனவே, மதிப்பீட்டை இப்போது செய்யலாம். மொழித் தேர்வை எப்போது எழுதுவது என்பதை விசா நிலவரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செலவில்லாமல் ஆரம்பிக்க என்.பி.டி.இ.எல் இருக்கிறது. ஐ.ஐ.டி-க்களும் ஐ.ஐ.எஸ்சி-யும் நடத்தும் இந்தப் பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லையா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய் வாருங்கள். ஜெர்மன் என்றால் நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

6. பணம்: உங்க பேர்ல ஒரு கணக்கு

சம்பளம் நின்றதும் முதலில் சுருங்குவது நம் குரல்தான். போன் ரீசார்ஜுக்குக்கூடக் கேட்க வேண்டிய நிலைமை யாருக்கும் வேண்டாம். அதனால் இரண்டு பேரும் உட்கார்ந்து, வீடியோ காலிலாவது, வெளிப்படையாகப் பேசுங்கள். விசாக் கட்டணம் யார் கட்டுவது? உங்கள் எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ-யை யார் பார்ப்பது? மாதாமாதம் உங்கள் கைச்செலவுக்கு எவ்வளவு?

விசாச் செலவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பிரிட்டன் துணை விசாவுக்கு, விண்ணப்பக் கட்டணம் போக, மருத்துவ வசதிக் கட்டணமாக மட்டுமே வருடத்துக்கு 1,035 பவுண்டு கணக்கில், 33 மாதத்துக்கு 3,105 பவுண்டு கட்ட வேண்டும்.

பி.எஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி வரலாம். வெளிநாட்டில் குடியேறியதும் உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான படிவங்களைக் கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டு வாங்கலாம்.

7. மனசு ஏன் இவ்வளவு களைச்சுப்போகுது?

'வேலைக்கும் போகல, ஒண்ணும் செய்யல. ஆனா டயர்டா இருக்கு' என்று தோன்றுகிறதா? இதற்குக் காரணம் உண்டு. வரிசையில் காத்திருப்பதன் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், வேலை இல்லாத காத்திருப்பும் அப்படித்தான் என்றார் அவர். விசாவில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இன்னொன்றைச் சொல்கிறார். ஒருவர் மனதளவில் கூடவே இருந்து, உடலளவில் இல்லாதபோது ஏற்படும் வருத்தத்துக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். யாரும் இறந்துபோகவில்லை, எதுவும் முடிந்துபோகவில்லை. அதனாலேயே, 'எதுக்கு அழறே?' என்று அடுத்தவருக்குப் புரியாது.

என்ன செய்யலாம்? விண்ணப்ப நிலவரத்தைத் தினமும் பத்து தடவை பார்ப்பதை நிறுத்துங்கள். செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள், ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மெயில் வந்தால் போனே சொல்லும்.

துணையோடு பேச நேரம் ஒதுக்குவதிலும் நியாயம் வேண்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை முதல் பத்தரை மணி நேர வித்தியாசம். எப்போதும் நீங்களே நள்ளிரவு வரை விழித்திருந்தால், உங்கள் அடுத்த நாள் காலி. ஒரு வாரம் அவருக்கு வசதியான நேரம், ஒரு வாரம் உங்களுக்கு வசதியான நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். விசா பற்றிப் பேசாத கால் ஒன்றாவது வாரத்தில் இருக்கட்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

8. வீட்டுல எப்படிப் பேசுறது?

வேலைக்குப் போகாத மருமகள் என்றால், 'சும்மாதானே இருக்கா' என்று வீட்டு வேலை முழுக்க மெதுவாக அவள் பக்கம் நகரும். அத்தை கெட்டவர் என்று இல்லை, வழக்கம் அப்படி. "அத்தை, காலைல 10-லிருந்து 1 மணி வரைக்கும் படிக்கிறேன். மத்தியானம் சமையலை நான் பார்த்துக்கறேன்" என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரும் அதே வார்த்தையை அவர் அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் ஆண்களுக்கு வேறு மாதிரி அழுத்தம். 'மாப்பிள்ளை, பொண்டாட்டி சம்பாத்தியத்துல போறாரா?' என்ற கிண்டலை சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "ஆமா மாமா, அவளுக்கு அங்க நல்ல வேலை. நான் போய் லைசென்ஸ் எடுத்துட்டு சேரணும்" என்று நேராகச் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் வராது.

9. குறுக்கு வழி வேண்டாம்

'பணம் கட்டினா சீக்கிரம் வாங்கித் தர்றேன்' என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் விஷயத்தில் கவனம். தூதரகத்தின் வரிசையில் உங்களை முன்னால் தள்ள எந்த ஏஜென்ட்டாலும் முடியாது. விண்ணப்பத்தில் பொய்த் தகவல் போட்டால், மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை, நீங்கள்தான்.

'நடுவுல டூரிஸ்ட் விசால போய்ப் பார்த்துட்டு வரலாமா?' அமெரிக்காவைப் பொறுத்தவரை, குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். மனு இருப்பதை மறைத்தால் பின்னால் குடியேற்ற விசாவுக்கே பாதிப்பு வரலாம். அதைவிட, துபாய், இலங்கை, தாய்லாந்து என்று நடுவில் ஒரு ஊரில் இரண்டு பேரும் ஒரு வாரம் சந்தித்துக்கொள்வது நிம்மதி.

10. ஒரு தேதி குறிங்க

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் பார்க்க ஒரு தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அன்றைக்குக் கேட்க வேண்டியவை: விண்ணப்பம் எங்கே நிற்கிறது? என் வேலை எங்கே நிற்கிறது? இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றால் என்ன செய்வோம்? அவர் இந்தியாவுக்குத் திரும்பி வருவதும் ஒரு வழியாக அந்தப் பேச்சில் இருக்கட்டும். இந்தக் கல்யாணத்தில் இரண்டு பேருக்குமே வேலை இருக்கிறது, கனவும் இருக்கிறது. இடம் மாற வேண்டியவர் எப்போதும் நீங்கள்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. உங்கள் விசாவில் வேலை உரிமை உண்டா என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். பிறகு, சான்றிதழ்களை எடுத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.